தனக்கே எதிர்த்தரப்பு

ஒரு வழக்கை நீதிமன்றத்தில் ஜெயிக்க வேண்டுமென்றால் அதை முதலில் தன் வீட்டில் தோற்றுப் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தவர் அவர். ஒன்பது வருடம் அவரிடம் டைப்பிஸ்டாக இருந்தேன். அந்த ஒன்பது வருடத்தில் அவர் தன் கட்சிக்காரருக்காகப் பேசிக் கேட்டதைவிட, தன் கட்சிக்காரருக்கு எதிராகப் பேசிக் கேட்டதுதான் அதிகம்.

முகப்பேரில் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் அவருடைய வீடு. முன்னறைதான் அலுவலகம். விசாரணைக்கு முந்தின நாள் மதியச் சாப்பாடு முடிந்ததும் ஜூனியரைத் தன் நாற்காலியில் உட்காரவைப்பார். தான் கதவோரம் போய் நின்றுகொண்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். "இப்போ நான் எதிர்த்தரப்பு வக்கீல். நீங்கதான் நான். பதில் சொல்லுங்க பார்ப்போம்" என்பார். அரை மணி நேரம் தன் வழக்கைத் தானே கிழித்துத் தொங்கவிடுவார். ஜூனியர் எங்கே திணறுகிறாரோ அந்த இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்வார். அதற்குப் பதில் கண்டுபிடித்த பிறகுதான் எனக்கு டிக்டேஷன். மறுநாள் நிஜமான எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து எதைக் கேட்டாலும் அவருக்கு அது பழைய கேள்வியாகத்தான் இருக்கும்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. நீதிபதியாக இருந்தவர். அவர் பெயர் தீர்ப்புகளில் இருந்தால் போதும் என்று நினைப்பவர். உயரம் அதிகமில்லை. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. ஜூனியர்கள், நான், பால் போடுகிறவர், யாராக இருந்தாலும் 'நீங்க'தான்.

இந்தத் தனக்குத்தானே எதிராகப் பேசும் பழக்கம் வழக்குகளோடு நிற்கவில்லை. குடியிருப்பின் முனையில் தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒரு இஸ்திரி வண்டி நின்றது. கார்கள் திரும்ப இடைஞ்சலாக இருக்கிறது, வண்டியை எடுக்கச் சொல்லி மனு எழுதித் தாருங்கள் என்று குடியிருப்போர் சங்கத்தார் அவரிடம் வந்தார்கள். அவருக்கும் அந்த வண்டி எரிச்சல்தான். நன்றாகவே எழுதினார். நான் டைப் செய்து முடித்ததும், "இன்னொரு தாள் போடுங்கம்மா. இஸ்திரி போடறவருக்காக ஒரு பதில் மனு" என்றார். நின்றபடியே சொன்னார். குடியிருப்பில் கார்கள் வருவதற்கு முன்பிருந்தே வண்டி அங்கே நிற்கிறது. திருப்பத்தை உண்மையில் அடைப்பது வண்டி அல்ல, எதிர்ப்பக்கம் வரிசையாக நிறுத்தப்பட்டிருக்கும் மூன்று கார்கள். அதில் ஒன்று மனு எழுதிக் கொடுத்த வக்கீலுடையது.

அந்த வரியோடு நிறுத்தினார். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்த் தன் காரை உள்ளே தள்ளி நிறுத்திவிட்டு வந்தார். முதல் மனுவை என்னிடமிருந்து வாங்கிக் கிழித்தார். சங்கத்துத் தலைவர் அவரோடு ரொம்ப நாள் பேசவில்லை.

இதையெல்லாம் கேட்டு அவரை ஏழைகளின் வக்கீல் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் நிர்வாகங்களின் வக்கீல். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலையை விட்டு நீக்கப்பட்டவர்கள் பாதிப்பேருக்கு எதிராக அவர்தான் ஆஜரானார் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். பீஸுக்காக மட்டும் செய்தார் என்றால் ஒருவேளை எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் நம்பித்தான் செய்தார். "தொழில் நடந்தாத்தான் தொழிலாளி. நாளைக்கு ஆர்டர் வருமான்னு தெரியாதவன் எப்படி நிரந்தர வேலை கொடுப்பான்?" என்பார். தொழிலாளர் வழக்கு என்றால் பதில் மனுவில் 'தொழிலாளர்கள்' என்று வெறுமனே எழுத விடமாட்டார். 'தொழிலாளர்கள் எனத் தங்களைக் கூறிக்கொள்வோர்' என்றுதான் ஒவ்வொரு பத்தியிலும் வர வேண்டும். ஆங்கிலத்தில் அந்தச் சொற்களை எத்தனை ஆயிரம் முறை அடித்திருப்பேனோ.

எங்கள் அப்பாவைப் பெற்றவர்கள் வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. அந்த நிலத்தில்தான் பிறகு கம்பெனிகள் வந்தன. என் அண்ணன் அதில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தார். நான் முகப்பேருக்கு வேலைக்குப் போய் நாலாவது வருடம் அந்தக் கம்பெனி அறுபது பேரை ஒரே நாளில் கேட்டுக்கு வெளியே நிறுத்தியது. தொழிற்சங்கம் வழக்குப் போட்டது. நிர்வாகத்தின் வழக்குக் கட்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. பெயர்ப் பட்டியலை நான்தான் டைப் செய்தேன். இருபத்தேழாவது பெயர் என் அண்ணனுடையது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போகும் என்ற பயம். அண்ணனுக்கும் வேலை இல்லாத வீட்டில் என் சம்பளமும் போனால் என்ன ஆவது?

அந்த வழக்குக்கும் வீட்டில் ஒத்திகை நடந்தது. அவர் கதவோரம் நின்றார். நிர்வாகத்தின் வாதம் சுருக்கமானது. இவர்கள் எங்கள் ஆட்கள் அல்ல, ஒப்பந்தக்காரரின் ஆட்கள். கூலி கொடுப்பதும் அவர், வேலை வாங்குவதும் அவர். ஜூனியர் அதைச் சொல்லி முடித்ததும் இவர் கேட்டார்: "ஒப்பந்தக்காரர் மாறிக்கிட்டே இருந்திருக்கார், இல்லையா? பழையவரோட ஒப்பந்தம் முடிஞ்சு புதுசா ஒருத்தர் வர்றதுக்குள்ள சில நாள் இடைவெளி இருக்கே. அந்த நாட்கள்லயும் இந்த ஆட்கள் வேலைக்கு வந்திருக்காங்க. ஒப்பந்தக்காரரே இல்லாத அந்த நாட்கள்ல இவங்களை வரச் சொன்னது யாரு?"

ஜூனியர் பேப்பரைப் புரட்டினார். பதில் இல்லை. அவரும் நாற்காலிக்குத் திரும்பி வந்து யோசித்துப் பார்த்தார். அவருக்கும் பதில் கிடைக்கவில்லை. "இதுக்கு நம்மகிட்ட பதில் கிடையாது. அவங்க கேட்க மாட்டாங்கன்னு நம்புவோம்" என்றார்.

அந்தக் கேள்வியை நான் அன்று மாலை பஸ்ஸில் அம்பத்தூர் வரைக்கும் சுமந்துகொண்டு போனேன். வீட்டில் அண்ணன் சங்கத்து நோட்டீஸைப் படித்துக்கொண்டிருந்தார். "இன்னா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?" என்று கேட்டார். தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

உயர் நீதிமன்றத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. அவர் ஜெயித்தார்.

தீர்ப்பு வந்த மறுநாள் கம்பெனியிலிருந்து பெரிய பெட்டியில் இனிப்பு வந்தது. அவரே எடுத்து நீட்டினார். நான் வாங்கவில்லை. ஏன் என்று கேட்டார். "எங்க அண்ணனும் அந்த அறுபது பேர்ல ஒருத்தருங்க சார்" என்றேன்.

பெட்டியை மேசைமேல் வைத்தார். "ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"சொன்னா கேஸ விட்டிருப்பீங்களா சார்?"

யோசித்தார். "மாட்டேன்" என்றார். அவரிடம் எனக்குப் பிடித்ததும் பயமாக இருந்ததும் அதுதான். அந்த நேரத்திலும் பொய் சொல்லவில்லை. பிறகு திடீரென்று அவர் முகம் மாறியது. "அன்னிக்கு ஒத்திகை நடக்கறப்போ நீங்க இங்கதானே இருந்தீங்க? அந்தக் கேள்வி உங்களுக்குத் தெரியுமே. அண்ணன்கிட்ட சொல்லலையா?"

"இங்க கேட்டது இங்கதானே சார் இருக்கணும்" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அவர் எழுந்து நின்றார். வேறெதுவும் செய்யவில்லை. சும்மா நின்றார். நீதிபதி உள்ளே வரும்போது மட்டும்தான் அவர் அப்படி நிற்பார். அதற்கப்புறம் ஐந்து வருடம் அங்கே வேலை பார்த்தேன். தொழிலாளர் வழக்குக் கட்டு ஒன்றுகூட என் மேசைக்கு வரவில்லை. வெளியே கொடுத்து டைப் செய்துகொண்டார்.

அண்ணன் வாடகை ஆட்டோ எடுத்தார். அது போதாது என்று அண்ணி வேலைக்குப் போனார். அரசு நிறுவனம் ஒன்றின் தொழிற்சாலையில் துப்புரவு வேலை. பெயர் எதற்கு? அங்கும் ஒப்பந்தக்காரர்தான்.

அவரை உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமித்த செய்தி வந்தபோது எங்கள் பக்கத்தில் யாரும் பட்டாசு வெடிக்கவில்லை. "முடிஞ்சுதுடா மாமே. இனிமே நம்மாளு எவன் போனாலும் அங்கயே ஊத்தி மூடிருவாரு" என்று அண்ணன் தன் சிநேகிதரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அதே நாளில் பதவியேற்றவர்களில் இன்னொருவர் தொழிற்சங்க வழக்குகளாக நடத்திப் பேர் வாங்கியவர். சங்கத்தார் அவருக்குத்தான் மாலை வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஆனால் அந்த நாற்காலி ஆளுக்கு ஆள் வேறு மாதிரி வேலை செய்கிறது. மாலை வாங்கிக்கொண்டவர் வருடங்கள் போகப் போக அரசாங்கம் என்றால் கொஞ்சம் பணிந்து பேசுகிறவராக மாறினார். நிர்வாகம் சொன்னால் அதில் ஏதாவது காரணம் இருக்கும் என்று எழுத ஆரம்பித்தார். எங்கள் ஆளோ, முதல் வருடம் எல்லோரும் எதிர்பார்த்தபடியே இருந்தார். வந்த தொழிலாளர் வழக்குகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளுபடி செய்தார்.

நீதிபதிக்கு நீதிமன்றமே பணியாளர்களைக் கொடுத்துவிடும். எனக்கு வேறு வேலை தேட வேண்டியிருந்தது. கரையான்சாவடியில் மருந்துக் கடைக்கு மேலே ஒரு இளம் பெண் வக்கீல் அலுவலகம் வைத்திருந்தார். தொழிலாளர் வழக்குகள்தான் அவருக்கு. நாங்கள் வக்கீலம்மா என்று கூப்பிடுவோம். அங்கே சேர்ந்தேன். உயர் நீதிமன்றத் தீர்ப்புகளை எடுத்து, தேவையான பத்திகளைத் தட்டச்சு செய்து தருவதும் என் வேலை. அப்படித்தான் அவருடைய தீர்ப்புகளைத் தொடர்ந்து படித்தேன்.

இரண்டாவது வருடத்தின் நடுவில் ஒரு செக்யூரிட்டி வேலைக்காரரின் வழக்கு. சாதாரண வழக்கு, பேப்பரில்கூட வரவில்லை. அதை அடித்துக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டேன். என் விரல்கள் 'எனத் தங்களைக் கூறிக்கொள்வோர்' என்று அடிக்கத் தயாராக இருந்தன. தாளில் அது இல்லை. வெறும் 'தொழிலாளி' என்று இருந்தது. தப்பு விட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். அடுத்த தீர்ப்பிலும் இல்லை. அதற்கடுத்ததில் அந்தச் சொற்கள் ஒரே ஒரு இடத்தில் வந்தன, அதுவும் நிர்வாகத்தின் வாதத்தை மேற்கோள் காட்டிய இடத்தில். மூன்றாவது வருடத்தில் சுத்தமாகக் காணோம்.

வக்கீலம்மாவிடம் சொன்னேன். சிரித்தார். "அக்கா, ரெண்டு வார்த்தை விட்டுப்போனதுக்கா மனுஷன் மாறிட்டார்ங்கறீங்க?" என்றார். அந்த ரெண்டு வார்த்தையை அத்தனை வருடம் அடித்தவளுக்குத்தான் அதன் கனம் தெரியும். அதை அவரிடம் எப்படி விளக்குவது?

இதற்கிடையில் அண்ணியும் அவரோடு வேலை செய்த பெண்களும், மொத்தம் நாற்பத்து மூன்று பேர், எங்களை நிரந்தரமாக்குங்கள் என்று வழக்குப் போட்டார்கள். வக்கீலம்மாதான் நடத்தினார். கீழே தீர்ப்பாயத்தில் ஜெயித்தார்கள். நிர்வாகம் அதை ரத்துசெய்யக் கேட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பட்டியலில் எந்த நீதிபதி என்று பார்த்தோம். அவர்தான்.

விசாரணை அன்று பத்துப் பன்னிரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். நானும் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். கறுப்பு அங்கியில் அவர் உள்ளே வந்தபோது எல்லோரும் எழுந்தோம். முடி நன்றாக நரைத்திருந்தது. பின்வரிசையில் இருந்த என்னை அவர் பார்த்தாரா என்று தெரியவில்லை.

நிர்வாகத்தின் சீனியர் வக்கீல் எழுந்து ஒரு பழைய தீர்ப்பை எடுத்து நீட்டினார். இதே மாதிரி ஒரு வழக்கில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் நிர்வாகத்தின் ஆட்கள் அல்ல என்று தீர்மானமாகிவிட்டது என்றார். அது அண்ணனின் வழக்கு.

நீதிபதி அந்தத் தாள்களை வாங்கி முதல் பக்கத்தைப் பார்த்தார். "இதில் நிர்வாகத்துக்காக ஆஜரானவர் யார் என்று படியுங்கள்" என்றார். சீனியர் புன்னகையோடு அவருடைய பெயரையே படித்தார். அரங்கில் லேசாகச் சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை.

"இது என் வாதம். இப்போது என் முன்னால் ஆதாரமாக வந்திருக்கிறது. தொழிலாளர் தரப்புக்கு ஆட்சேபணை இருந்தால் வழக்கை வேறு நீதிபதிக்கு அனுப்பச் சொல்லிவிடுகிறேன். மதியம் சொல்லுங்கள்" என்றார்.

வராந்தாவில் பெண்கள் வக்கீலம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள். "வேற ஆளுகிட்ட மாத்தச் சொல்லும்மா" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். வக்கீலம்மா என்னைத் தனியே இழுத்துப் போனார். "அக்கா, நீங்க அவர்கிட்ட ஒன்பது வருஷம் இருந்தவங்க. வேற ஜட்ஜுன்னா மறுபடி எப்போ லிஸ்ட்ல வருமோ. இவர்கிட்டயே வாதாடினா, அவர் தன்னோட வாதத்தையே தப்புன்னு சொல்லணும். சொல்வாரா?"

அந்தக் கேள்வி, ஒப்பந்தக்காரர் இல்லாத நாட்களில் வரச் சொன்னது யார் என்ற கேள்வி, என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. எங்கள் வழக்குக் கட்டில் அது இருக்கிறதா என்றால் நேராக இல்லை. தேதிகள் இருந்தன, யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. சொல்லலாம். இது வேறு வழக்கு, வேறு நிறுவனம். ஆனாலும் அது அந்த முன்னறையில் நான் கேட்டது. சொல்ல வாய் வரவில்லை. அவரைப் பற்றித் தெரிந்ததை மட்டும் சொன்னேன்.

"அவருக்கு எதிரா அவரைவிட நல்லா வாதாடறவங்க யாரும் கிடையாதும்மா. அவர்கிட்டயே வாதாடுங்க."

அண்ணி பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "இன்னா சொல்ற நீ? உங்க அண்ணன் பொயப்புல மண்ணப் போட்டவரு அவரு. அவரு கையிலயே எங்க பொயப்பையும் குடுன்றியா? நாப்பத்து மூணு குடும்பம்டி!"

"தெரியும் அண்ணி."

"தோத்தா இன்னா பண்ணுவ?"

"உங்க மூஞ்சில முழிக்க மாட்டேன்."

அண்ணி மற்ற பெண்களிடம் திரும்பி, "இவ பொய் சொல்ல மாட்டா. உள்ள பூந்து பாத்துர்லாம் வாங்கடி" என்றார்.

மதியம் வக்கீலம்மா எழுந்து ஆட்சேபணை இல்லை என்றார். நிர்வாகத்தின் சீனியருக்கு முகமெல்லாம் வெளிச்சம். பாதி ஜெயித்த மாதிரி இருந்தது அவருக்கு. பழைய தீர்ப்பை ஒரு பத்தி விடாமல் படித்தார். நீதிபதி குறுக்கிடவே இல்லை. அண்ணியின் கை என் கையை இறுக்கிப் பிடித்திருந்தது.

படித்து முடித்ததும் நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏழு வருடத்தில் எத்தனை ஒப்பந்தக்காரர்கள்?"

"ஆறு பேர், மை லார்ட்."

"பெண்கள்?"

"அதே நாற்பத்து மூன்று பேர்."

"ஒருவரின் ஒப்பந்தம் முடிந்து அடுத்தவர் வரும்வரை இடைவெளி இருந்திருக்கிறது. தேதிகள் உங்கள் ஆவணத்திலேயே இருக்கின்றன. நான் கூட்டிப் பார்த்தேன், எல்லாம் சேர்த்து எழுபது நாளுக்கு மேல் வருகிறது. அந்த நாட்களில் தொழிற்சாலை குப்பையாகக் கிடந்ததா?"

சீனியர் பின்னால் திரும்பி நிறுவனத்து அதிகாரியிடம் குனிந்து பேசினார். "இல்லை, மை லார்ட். பெண்கள் வந்தார்கள்."

"ஒப்பந்தக்காரர் இல்லை. பெண்கள் வந்தார்கள். வரச் சொன்னது யார்?"

அதிகாரி தன் மடியில் இருந்த ஃபைலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் படித்த வழக்கில் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடமும் பதில் இருந்திருக்காது" என்றார் நீதிபதி. குரலை உயர்த்தவில்லை. முகப்பேர் வீட்டுக் கதவோரம் நின்று பேசுகிற அதே குரல். ஆங்கிலத்தில் நடந்த பேச்சு அண்ணிக்குப் புரியவில்லை. "இன்னாடி சொல்றாரு? இன்னாடி?" என்று என் காதில் கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன்.

மூன்று வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. நிர்வாகத்தின் மனு தள்ளுபடி. பழைய வழக்கைப் பற்றித் தனியாக ஒரு பத்தியே எழுதியிருந்தார். அந்த வழக்கில் முக்கியமான ஒரு கேள்வி நீதிமன்றத்தின் முன் வைக்கப்படவே இல்லை, ஆகவே அது இந்த வழக்குக்கு வழிகாட்டியாகாது என்று. நாற்பத்து மூன்று பேரையும், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த நிறுவனத்தின் தொழிலாளர்களாகவே கருத வேண்டும் என்று முடித்திருந்தார். தொழிலாளர்கள். முன்னும் பின்னும் ஒரு சொல் இல்லாமல்.

கரையான்சாவடியில் அலுவலகத்துக்குக் கீழே ரோட்டிலேயே பெண்கள் ஆடினார்கள். மருந்துக் கடைக்காரர் வெளியே வந்து வேடிக்கை பார்த்தார். யாரோ வாங்கி வந்த மைசூர்பாகை அண்ணி என் வாய்க்குள் திணித்தார். அண்ணன் ஆட்டோவை நிறுத்திவிட்டு ஓரமாக நின்றார். போய்ப் பக்கத்தில் நின்றேன். "எனக்கு எடுத்ததும் அந்தாளுதான். இவளுக்குக் குடுத்ததும் அந்தாளுதான். அந்தாள திட்றதா, கும்புட்றதா, ஒண்ணும் புரியல தங்கச்சி" என்றார். கண் கலங்கியிருந்தது. அன்று நான் சுமந்துகொண்டு வந்த கேள்வியைப் பற்றி அப்போதுதான் அவரிடம் சொன்னேன். "அப்பவே சொல்லியிருந்தா நீ நீயாவே இருந்திருக்க மாட்ட. வுடு" என்றார்.

நிறுவனம் மேல்முறையீடு செய்தது. அங்கேயும் அதன் வாதம் நிற்கவில்லை.

அவர் ஓய்வுபெற்ற பிறகு ஒரே ஒருமுறை போய்ப் பார்த்தேன். மகளோடு இருப்பதற்காகக் கோயம்புத்தூர் போகிறார் என்று கேள்விப்பட்டுத்தான் போனேன். முகப்பேர் வீட்டில் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். பதவியில் இருந்தவரை நான் அந்தப் பக்கமே போகவில்லை, போவது சரியில்லை என்று இருவருக்குமே தெரியும்.

"அண்ணன் எப்படி இருக்கார்?" என்றுதான் முதலில் கேட்டார். சொந்த ஆட்டோ வாங்கிவிட்டதைச் சொன்னேன். பிறகு, எப்படி சார் மாறினீங்க என்று கேட்டேவிட்டேன்.

"வக்கீலா இருக்கறப்போ ஒரு பக்கத்துக் கட்டுதான் என் மேசைக்கு வரும். மறுபக்கத்தை நானே கற்பனை பண்ணிக்குவேன். ஜட்ஜா ஆனப்புறம் ரெண்டு கட்டும் வந்துது. நான் கற்பனை பண்ணினதைவிட அந்தக் கட்டு ரொம்பப் பெருசா இருந்துதும்மா" என்றார். ஒரு புத்தகத்தைத் துடைத்து உள்ளே வைத்தார். "உங்க அண்ணன் கேஸ்ல நான் வாதாடினதைத் தப்புன்னு சொல்ல மாட்டேன். அது என் வேலை. அதை நானும் நம்பினேன் பாருங்க, அதுதான் தப்பு."

நான் கிளம்பும்போது வாசல் வரை வந்து, கேட் மூடும் வரைக்கும் நின்றார்.

அண்ணிக்கும் மற்றவர்களுக்கும் நிரந்தர வேலைக்கான உத்தரவு கையில் கிடைத்த வாரம் நடந்ததைச் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தார்கள். புதன்கிழமை அண்ணி வேலைக்குப் போகவில்லை. நான் பதறிப்போய் அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசற்படியில் நாற்காலி போட்டு, காலைத் தூக்கி இன்னொரு நாற்காலிமேல் வைத்துக்கொண்டு, காபி குடித்துக்கொண்டிருந்தார். தெருவில் தண்ணீர்க் குடத்தோடு போன எதிர்வீட்டு அம்மாவுக்கும் என்னைப் போலவே சந்தேகம்.

"இன்னா தேவகி, வேலைக்குப் போல? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"நல்லாத்தான் கீறேன்க்கா" என்றார் அண்ணி, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி. "லீவு போட்டுகீறேன். சம்பளத்தோட!"